முருகனின் கட்டைவிரல்

முருகப் பெருமானின் கட்டைவிரல் ரேகையை நேரில் பார்த்தவன் நான். பழனியிலோ திருச்செந்தூரிலோ அல்ல. மொரீஷியஸ் தீவின் தெற்கே, செமின் கிரனியேயில், எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு கம்ப்யூட்டர் டிஸ்கெட்டின்மேல். அப்போது எனக்கு வயது பத்து. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ரேகை உண்மை. மஞ்சள் நிறத்தில், நடுவே வேல்போல ஒரு கோடு சாய்ந்து நிற்க, அவ்வளவு தெளிவாக இருந்தது.

கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது அத்தையால். அத்தை, அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். அவளும் அம்மாவும் ஒரே பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். வியர்வை வழிய வழிய உட்கார்ந்து ஐரோப்பியர்களின் குளிருக்குக் கம்பளிச் சட்டை தைப்பது அந்த நாளில் எங்கள் ஊர்ப் பெண்களின் வேலை. அத்தை தட்டச்சு கற்றுக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டாள். அம்மாவோ தையல் மெஷினிலேயே இருந்தாள், ஒரு நாள் ஊசி கட்டைவிரலில் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் வரும்வரை. அதற்குப் பிறகு அவளைப் பிழை பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். விட்டுப்போன ஒரு தையலை அறையின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடிப்பாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். என் கணக்கு நோட்டையும் அப்படித்தான் பார்ப்பாள். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

அப்பாவுக்கு மோர்ன் மலைப் பக்கத்துக் கடற்கரை ஓட்டலில் வேலை. பகல் முழுவதும் வெள்ளைக்காரப் பயணிகளைப் பார்த்துச் சிரிக்கவேண்டிய உத்தியோகம். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சிரிப்பு ஸ்டாக் தீர்ந்திருக்கும். மிச்சமிருக்கும் முகம்தான் எங்களுக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். உறவுமுறையும் சாமி பாட்டும் மட்டும்தான் தமிழ். நான் பிற்பாடு தமிழ் படித்துத் தேறியதால், இங்கே எல்லோரையும் தமிழிலேயே பேசவைக்கிறேன். இதைப் படித்துக் காட்டினால் ‘நாங்க எப்போடா இவ்வளவு தமிழ் பேசினோம்?’ என்று கேட்பார்கள்.

அத்தையின் ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது பழையதில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். அப்பா அதைக் கிழக்குப் பார்த்து வைத்து, குங்குமப் பொட்டு இட்டு, சூடம் காட்டினார். காட்டி முடித்ததும் என் பக்கம் திரும்பி, ‘பா தூஸ்!’ என்றார். தொடாதே என்று அர்த்தம். எங்கள் வீட்டில் புதிதாக வந்த எந்தப் பொருளுக்கும் முதலில் சூடம், அடுத்தது ‘பா தூஸ்’. அம்மாவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ‘எனக்கு அந்த மெஷினைக் கண்டாலே பயம்’ என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள். தூசு தட்டக்கூட ஒரு கோலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கிட்டே வருவாள்.

அது தைப்பூசக் காவடிக் காலம். கோயிலில் கொடி ஏறியதும் பத்து நாள் விரதம். வீட்டில் மீன் வாசனையே இருக்காது. அந்த வருடம் நான் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அத்தைக்கு வேறு பொறுப்பு. எங்கள் கோயிலில் எல்லோருக்கும் பாடத் தெரியும், தமிழ் எழுத்துத்தான் தெரியாது. அதனால் காவடிப் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் அடித்து ஒரு சின்னப் புத்தகம் தயாரிக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். பத்தாம் நாளுக்குள் புத்தகம் வரவேண்டும். இல்லையென்றால் ஊர்வலத்தில் முதல் இரண்டு வரிக்குப் பிறகு எல்லோரும் ‘அரோகரா’ என்று சமாளிக்கவேண்டியதுதான்.

அத்தைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மூன்று மாப்பிள்ளைகள் பெண் பார்க்க வந்து, தேநீர் குடித்து, கேக் சாப்பிட்டு, ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் போனபின் அத்தை தேநீர்த் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ‘இனிமே இந்தத் தட்டை நான் தூக்கமாட்டேன், அண்ணே’ என்றாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘அப்படியா? இனிமே இந்த வீட்டில கல்யாணம்ங்கிற பேச்சே எடுக்கக்கூடாது’ என்று உத்தரவு போட்டார். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைக்கூட நாங்கள் ‘அந்த விஷயம்’ என்றுதான் சொன்னோம்.

விரதத்தின் மூன்றாம் நாள் நான் இரண்டு பாவங்களை ஒரே மத்தியானத்தில் செய்தேன். பள்ளிக்கூட நண்பன் ஒருவன் சீனர் கடை வாசலில் மீன் உருண்டை தின்றுகொண்டிருந்தான். ஒன்றை நீட்டினான். ஒரே ஒரு உருண்டைதான். முருகன் ஒன்றைக் கணக்கில் எடுக்கமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. கூடவே ஒரு டிஸ்கெட்டையும் இரவல் கொடுத்தான். உள்ளங்கை அளவுச் சதுரத் தட்டு, வெள்ளைக் காகிதம் ஒட்டியது, உள்ளே பாம்பு ஆட்டம். வீட்டில் யாரும் இல்லை. டிஸ்கெட்டைக் கம்ப்யூட்டரின் வாய்க்குள் தள்ளிப் பாம்பை வளர்த்துக்கொண்டிருந்தேன். பாம்பு திரையின் பாதிக்கு நீண்டிருந்த நேரத்தில் கேட் திறக்கும் சத்தம். நேரே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கணக்கு நோட்டைத் தலைகீழாகப் பிரித்துக்கொண்டேன். டிஸ்கெட் உள்ளேயே இருந்துவிட்டது. அது நினைவில்கூட இல்லை.

மாலையில் அத்தை பாட்டு அடிக்க உட்கார்ந்தாள். பெட்டி உறுமியது, கறகறத்தது, கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றது. சிஸ்டம் தட்டு அல்ல அல்லது தட்டில் பிழை, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும் என்று ஆங்கிலத்தில். அணைத்துப் போட்டாலும் அதே வரி.

‘கெட்டுப்போச்சா?’ என்றார் அப்பா.

அத்தை பெட்டியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ‘தெரியலையே அண்ணே’ என்றாள்.

அப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். ‘ஏதாவது ஒரு பொத்தான்’ என்றால் அவருக்கு ஏதாவது ஒன்று அல்ல. யோசித்து, பிள்ளையாருக்கு ‘ஜி’யை அழுத்தினார். பிறகு முருகனுக்கு ‘எம்’. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சிவனுக்கு ‘எஸ்’. எதற்கும் அதே வரி. பெட்டியைக் கொஞ்சம் வடக்கே திருப்பினார். விசிறியை எதிரே வைத்தார். நான் அதற்குள் வியர்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்கெட்டை நினைத்து அல்ல. மீன் உருண்டையை நினைத்து.

மறுநாள் காலை அப்பா கோயில் குருக்களை அழைத்துவந்தார். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கடகடவென்று தமிழ் பேசுவார். எங்கள் ஊரில் எல்லோரும் அதை மரியாதையாகக் கேட்டுத் தலையாட்டுவார்கள். அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இதுக்கு என்னைக் கூப்பிட்டா நான் என்ன பண்றது? ரிப்பேர்காரனைக் கூப்பிடுங்கோ’ என்றார். அப்பா பயபக்தியோடு தலையாட்டி, ஒரு தேங்காயை உடைத்தார். பள்ளியில் தமிழ் வகுப்புக்குப் போகும் நான் ஒருவன்தான் அவர் சொன்னதில் பாதியைப் புரிந்துகொண்டவன். வாயைத் திறக்கவில்லை. தேங்காய் தின்றுகொண்டிருந்தேன்.

ரிப்பேர்காரர் என்ற யோசனை அம்மாவிடமிருந்து வந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: ‘பாக்டரிக்கு மெஷின் பார்க்க வருவாரே, மோகாக்காரர், அவர் வரமாட்டாரா?’

‘அவ்வளவு தூரத்திலிருந்தா?’ என்றார் அப்பா. மோகா தீவின் நடுவே இருக்கும் ஊர்.

‘சாமி காரியம்னு சொன்னா வருவார்’ என்றாள் அம்மா.

ஆபீஸிலிருந்து அத்தைதான் போன் போட்டிருக்கவேண்டும். ஏனென்றால் மறுநாளே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

அவர் தலைக்கவசத்தைக் கழற்றியபோது தலைமுடி முழுக்க ஒரே பக்கம் நின்றது. அம்மா கூப்பிட்டதுபோல நானும் ‘முசியே’, அதாவது ஐயா, என்று கூப்பிட்டேன். பெட்டிக்கு முன்னால் குனிந்தார். நிமிர்ந்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு, ‘முழுசாப் பிரிச்சுத்தான் பார்க்கணும்’ என்றார்.

பிரித்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் போட்டார். அத்தை டார்ச் பிடித்தாள். அப்பா எதிரில் நாற்காலி போட்டு, ஓட்டல் காவலாளிபோல உட்கார்ந்தார். கால்மணி நேரம் ஆகியிருக்காது, அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்: ‘இங்க வாங்களேன், பலாக்கொட்டை வாங்கிட்டு வரணும்.’ அப்பா போனார். திரும்பி வந்ததும், ‘அட, வாழையிலையை மறந்துட்டேனே’ என்றாள். எங்கள் வீட்டில் பொருள் தீர்ந்துபோவது அபூர்வம். அன்றைக்கு என்னவோ எல்லாமே தீர்ந்திருந்தது.

‘ஆபீஸ்ல பார்த்தா பேசவே மாட்டீங்க’ என்றார் முசியே, பெட்டிக்குள் தலையை விட்டபடி.

‘அங்க மெஷின் நல்லா ஓடுதே’ என்றாள் அத்தை.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். டார்ச் வெளிச்சம் கூரையில் ஆடியது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் பூட்டிச் சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுந்தது. ‘தூசி’ என்றார். அப்பா, ‘நான் அப்பவே நினைச்சேன்’ என்றார். கேட் வரைக்கும் நான் கூடப் போனேன். அவர் சட்டைப் பையிலிருந்து என் டிஸ்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

‘இதுதான் தூசி. பத்திரமா வச்சுக்க.’

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அதாவது எல்லாம் விளங்கியதாக நினைத்தேன். டிஸ்கெட்டை உள்ளேயே விட்டுக் கெடுத்தது நான். காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியவர் இவர். டிஸ்கெட்டைக் கொண்டுபோய் வீட்டிலேயே யாரும் தேடாத இடத்தில் ஒளித்துவைத்தேன்: சாமி அறையில், முருகன் படத்துக்குப் பின்னால். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். காவடிக் காலத்தில் தினமும் விடியுமுன் அந்தப் படத்தை இறக்கித் துடைத்துப் பூ மாற்றுவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்நேரத்துக்கு நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அரைத் தூக்கத்தில் கிளம்பும்போது அம்மா என் நெற்றியில் சந்தனமும் மஞ்சளும் குழைத்த பொட்டை அழுத்தி வைப்பாள். அதோடு எனக்கும் சாமி அறைக்கும் அன்றைய கணக்கு முடிந்தது.

இரண்டு நாள் கழித்துக் கம்ப்யூட்டர் மறுபடியும் அதே வரியைக் காட்டியது. அப்பா ஓட்டலில் ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்ன யோசனைப்படி மேசைக்கடியில் மரப்பலகை வைத்தார். பயனில்லை. நான் சாமி அறைக்கு ஓடினேன். படத்துக்குப் பின்னால் டிஸ்கெட் இல்லை.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். டிஸ்கெட் நாக்கை நீட்டுவதுபோல வெளியே வந்தது. அதன் வெள்ளைக் காகிதத்தின்மேல் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகையின் நடுவே சாய்வாக ஒரு வேல்.

முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து இங்கே வைக்க வேறு யார் இருக்கிறார்கள்? அத்தையாக இருக்குமோ என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. அவள் புத்தகத்தை முடிக்கத் தவிப்பவள். அம்மா கோலும் துணியுமாக எட்ட நிற்பவள். அப்பா செய்திருந்தால் முதலில் சூடம் காட்டியிருப்பார். ஆக, இது ஒரு மீன் உருண்டைக்கான தண்டனை. சாமி வைத்ததை எடுக்க நான் யார்? வந்த வழியே டிஸ்கெட்டை உள்ளே தள்ளிவிட்டு, மூன்று தோப்புக்கரணம் போட்டேன்.

முசியே இரண்டாவது முறை வந்தார். இந்த முறை முடியை வாரியிருந்தார், தலைக்கவசத்தையும் மீறி அது வாரின மாதிரியே இருந்தது. உள்ளேயிருந்த பட்டைகளைக் கழற்றிப் பென்சில் அழிக்கும் ரப்பரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அத்தை ஊதிக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம். அம்மா சாப்பிடச் சொன்னாள். ‘நானும் விரதம். எங்க ஊர்க் கோயிலில் காவடி எடுக்கிறேன்’ என்றார். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த அப்பா அதைக் கேட்டதும் கொஞ்சம் சாய்ந்தார். ‘எத்தனையாவது வருஷம்?’ என்று கேட்டார். ஓட்டலில் தீர்ந்துபோகாமல் எங்கோ மிஞ்சியிருந்த ஒரு சிரிப்பு அன்றைக்கு வீட்டில் வெளிப்பட்டது.

கேட்டில் மறுபடியும் டிஸ்கெட் என் கைக்கு வந்தது.

‘நீயா வச்ச?’

‘இல்லை. முருகன்.’

அவர் ரேகையைப் பார்த்தார். முன்னறை ஜன்னலைப் பார்த்தார். அங்கே அத்தை திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். ‘நான் நன்றி சொன்னேன்னு சொல்லு’ என்று வண்டியை உதைத்தார். யாருக்குச் சொல்லவேண்டும் என்று நான் கேட்பதற்குள் போய்விட்டார். டிஸ்கெட்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று, அவர் சார்பில் முருகனுக்கே சொல்லிவிட்டேன்.

எட்டாம் நாள் என்னால் தாங்கமுடியவில்லை. பாவத்தோடு பால்குடம் எடுத்தால் பால் தலையிலேயே திரிந்துவிடும் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். அம்மாவிடம் போய், ‘நான் ஒரு மீன் உருண்டை தின்னுட்டேன்’ என்று அழுதேன். டிஸ்கெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

அம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். ‘ஒண்ணுதானா?’

‘ஒண்ணுதான்.’

‘சரி. தலைக்குக் குளிச்சுட்டு வா. முருகனுக்கு உன் மீன் உருண்டையைவிடப் பெரிய வேலையெல்லாம் இருக்கு.’ பிறகு அம்மியைப் பார்த்துக்கொண்டே, ‘அதை எங்க வச்சியோ அங்கேயே வை. இடத்தை மாத்தாதே’ என்றாள்.

எதை என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. குளிக்க ஓடினேன். பாவம் தீர்ந்த சந்தோஷத்தில் மனிதனுக்கு மூளை வேலை செய்வதில்லை.

ஒன்பதாம் நாள் கம்ப்யூட்டர் மூன்றாவது முறை படுத்தது. நான் முருகனிடம் கோபித்துக்கொண்டேன், குளித்துவிட்டேனே, இன்னும் என்ன என்று. ஆனால் இந்த முறை அப்பா பதறவில்லை. ‘அந்தப் பையனையே வரச்சொல்லு. வரும்போது அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரச்சொல்லு, கோயிலைப் பார்த்த மாதிரி இருக்கும்’ என்றார். முசியே ஒரு அச்சிடும் மெஷினையும் இரவல் வாங்கி, தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு, ஒரு உறவினர் காரில் வந்தார். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. சாயங்காலம் முழுவதும் அச்சு மெஷின் கிறீச் கிறீச்சென்று பாட்டுகளைத் துப்பியது. தேநீரை அத்தைதான் கொண்டுவந்தாள். தட்டு இல்லாமல், இரண்டு கையிலும் இரண்டு கோப்பை.

மறுநாள் ஊர்வலத்தில் எல்லோர் கையிலும் புத்தகம் இருந்தது. முதல் முறையாகக் கூட்டம் மூன்றாவது வரியையும் பாடியது. என் தலைமேல் பால் திரியவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் எங்கள் வீட்டில் ‘அந்த விஷயம்’ நடந்தது. முசியே எனக்கு மாமா ஆனார். தொழிற்சாலை மூடியதெல்லாம் வெகு காலம் கழித்து.

போன காவடிக்கு மறுநாள் எல்லோரும் மோகாவில், அத்தை வீட்டில் கூடியிருந்தோம். வாழையிலையில் ஏழு கறி. நான் எப்போதும்போலக் கோமாளித்தனமாக முருகனின் ரேகைக் கதையை ஆரம்பித்தேன். அத்தை சிரித்துக்கொண்டே, ‘முதல் தடவை பொத்தான் துருத்திக்கிட்டிருந்ததைப் பார்த்தேன், உள்ளே டிஸ்கெட் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். அப்புறம் ரெண்டு தடவையும் இவர்தான், திரும்பி வரணும்னு உள்ளே வச்சுட்டுப் போனார்’ என்றாள்.

மாமாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. ‘நானா? நான் அதை எடுத்து இவன் கையிலல்லவா கொடுத்தேன்? நீதானே வச்சே?’

‘நான் வைக்கவே இல்லையே!’

இத்தனை வருடமாக ஒருவர் தந்திரத்தை இன்னொருவர் ரசித்துக்கொண்டு குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். அப்பா நிதானமாக, ‘அப்போ முருகன்தான்’ என்று முடிவு சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

அம்மா பூசணிக் கறி பரிமாறிக்கொண்டு வந்தாள். ‘என்னம்மா, நீ என்ன சொல்றே?’ என்றேன்.

‘எனக்கு அந்த மெஷினைப் பத்தி என்ன தெரியும்? பேசாம சாப்பிடு, ஆறிடும்.’

என் இலை காற்றில் தூக்கியது. அம்மா அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கறி வைத்தாள். விரலை எடுத்தபோது பச்சை இலைமேல் மஞ்சளாக ஒரு ரேகை பதிந்திருந்தது. நடுவே, பழைய ஊசி போன வழி, சாய்வாக.

அந்தப் பத்து நாளும் காலையில் அதே ரேகையை நெற்றியில் வாங்கிக்கொண்டுதான் நான் முருகனுக்குப் பயந்து திரிந்திருக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு நாள்கூடக் கண்ணாடி பார்க்கவில்லை.